பாதி உரிந்த நெபுலா ஃபில்டர்

நெபுலா பார்ப்பதற்கு விலை குறைவாக எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று எங்கள் பழைய டிபார்ட்மென்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் கேட்டிருந்தான். பையன் என்றால் அவனுக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. நான் ரிடையர் ஆகிற சமயத்தில் டிரெய்னியாக வந்தவன், அதனால் எனக்கு இன்னமும் பையன்தான். மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கிறானாம். செல்போனில் தேடினால் ஒரே மாதிரி டப்பாவில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விலையில் விதவிதமாக வருகிறதாம். "மேடம், நீங்க ஆப்டிக்ஸ் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவங்க. ஒரே வரியில சொல்லுங்க" என்று எழுதியிருந்தான். நான் எதையும் ஒரே வரியில் சொன்னதில்லை என்று குழுவில் யாராவது அவனை எச்சரித்திருக்கலாம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே அனுபவிக்கட்டும்.

முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன். நெபுலா என்பது வானத்தில் இருக்கும் வாயு மேகம். கண்ணுக்குத் தெரிகிற அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதி நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே இருக்கும் ஒரு குறுகலான சந்தில் வருகிறது. பழைய தெருவிளக்குகளின் வெளிச்சம் அந்தச் சந்துக்குள் அவ்வளவாக நுழையாது. நல்ல ஃபில்டர் அந்தச் சந்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற வாசல்களையெல்லாம் சாத்திவிடும். வானம் கறுத்துவிடும், நெபுலா மிஞ்சும். ஃபில்டர் போட்டால் நெபுலா பிரகாசமாகும் என்று விற்கிறவன் சொன்னால் நம்பாதே. அது எதையும் பிரகாசமாக்காது, சுற்றியிருப்பதைத்தான் இருட்டாக்கும். இப்போது வந்திருக்கிற வெள்ளை எல்இடி விளக்கு எல்லாச் சந்திலும் புகுந்துவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. இவ்வளவையும் தெரிந்துகொள்ள எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் பிடித்தது.

நான் செகந்திராபாத்தில் பிறந்தவள். தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே திருச்சியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். மெட்டுகுடாவில் வீடு, கான்வென்டில் படிப்பு, பிஸிக்ஸில் டிகிரி, காஞ்சன்பாக் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். ராணுவத்துக்கு பைனாகுலரும் குறிபார்க்கும் கருவிகளும் செய்தோம் என்றால் போதும். டிரெய்னிங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: லென்ஸைப் பார், லென்ஸ் வழியாகப் பார்க்காதே. கீறல், குமிழ், விளிம்பில் உடைசல். கறுப்பு வெல்வெட் விரித்த மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் லூப் என்கிற ஒரு சின்ன உருப்பெருக்கி. இப்படியே கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கைவழியாக அத்தனை லென்ஸ் போயும் ஒன்றின் வழியாகவும் நான் எதையும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, கடந்துபோன வழியையே பார்த்துக்கொண்டு சர்வீஸை முடித்தவர். எங்கள் குடும்பத்தில் எதிரே இருப்பதைப் பார்த்தவர்கள் குறைவு.

எங்கள் செக்‌ஷன் தலைவர் வரதராஜன் சார். மல்காஜ்கிரியில் சொந்த வீடு, நெற்றியில் திருமண், எந்நேரமும் இரண்டு மூக்குக் கண்ணாடி. ஒன்று மூக்கில் இருக்கும், ஒன்று நெற்றிக்கு ஏறியிருக்கும். லென்ஸை விளிம்பில் மட்டும் பிடிப்பார், சுடுகிற டம்ளரைப் பிடிப்பதுபோல. எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பார், இரண்டாவது தடவை கீழிருந்து மேலாக. கான்டீனில் கண்ணாடி டம்ளரைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டீ ஊற்ற விடுவார். ஒரு பொருளை ரிஜெக்ட் என்று சொல்லமாட்டார். "இது நமக்கு வேண்டாம்மா" என்பார், பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. சப்ளையர்கள் சண்டைக்கு வந்தால் அவரிடம் ஒரே பதில்தான்: "நாங்க எழுத்துல என்ன கேட்டோமோ அதுதான் தரம். மனசுல நினைச்சுக்கிட்டதெல்லாம் தரம் கிடையாது." அதற்கு எதிராக ஒருவரும் ஜெயித்ததில்லை.

அப்போது எங்களுக்கு இருந்த ஒரே டெலஸ்கோப் காதர் பாயுடையது. காதர் பாய் கிரைண்டிங் ஷாப்பில் கண்ணாடி தேய்ப்பவர். பழைய ஹைதராபாத்காரர், வீட்டில் பேசுவது தக்கினி உருது. மாமியார் வீடு ஆம்பூர் என்பதால் தமிழும் வரும். வால்நட்சத்திரம் வரப்போகிறது என்று ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருஷம், கழித்துப் போட்ட ஒரு கனமான கண்ணாடி வட்டத்தை வெல்ஃபேர் ஆபீஸில் அனுமதி வாங்கி எடுத்துக்கொண்டார். டூட்டி முடிந்த பிறகு உட்கார்ந்து கையாலேயே தேய்த்து, டெலஸ்கோப்புக்கு வேண்டிய குழிவான கண்ணாடியாக்கினார். தண்ணீர்க் குழாய் ஒன்று உடம்பாயிற்று, பழைய டிரில்லிங் மெஷினின் அடிப்பாகம் காலாயிற்று. குவார்ட்டர்ஸில் இருந்த ரிக்ரியேஷன் கிளப்பின் மாடி அறையில் அதை வைத்தார்கள். வரதராஜன் சார் வானியல் பிரிவுத் தலைவர் ஆனார். வேறு யாரும் கைதூக்காததால் நான் செயலாளர் ஆனேன்.

வால்நட்சத்திரம் வந்தது. காலனி முழுக்க வரிசையில் நின்று பார்த்தது. தெரிந்ததோ, தொடுவானத்துக்குப் பக்கத்தில் யாரோ விரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு கறை. பத்திரிகைப் படத்தில் முழம் நீளத்துக்கு வால் பார்த்திருந்த ஜனங்கள் காதர் பாயை முறைத்துவிட்டுப் படி இறங்கினார்கள். குறை கண்ணாடியிலா வால்நட்சத்திரத்திலா என்று யாரும் விசாரிக்கவில்லை. பிள்ளைகள் அதற்குக் 'காதர் பைப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காதர் பாய் யாரிடமும் சண்டை போடவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் குழாயில் கண்ணை வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். யாராவது பார்க்க வந்தால் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னக் குழல் வழியாகக் குறிவைத்துக் கொடுப்பார், வானம் நகர நகர மெல்லத் தள்ளிக்கொடுப்பார், தான் பார்க்கமாட்டார். "நக்கோ, எனக்கு வேணாம் ஸ்டெல்லாம்மா. தேய்ச்சதுல எங்கேயோ தப்பு நடந்துடுச்சு. நான் பார்த்தா எனக்கு அதுதான் தெரியும்" என்பார். கண்ணாடியை நம் லேபில் சோதித்துவிடலாமே என்று நான் சாரிடம் கேட்டேன். "ஒர்க் ஆர்டர் இல்லாத பொருளை இன்ஸ்பெக்‌ஷன் எப்படிம்மா தொடும்?" என்றார். காதர் பாய்மேல் அவருக்கு ரொம்பப் பிரியம். ஆனாலும் தொடவில்லை.

அப்புறம் வீடியோ காலம் வந்தது. கிளப் செக்ரட்டரி யாதகிரி, தெலுங்குக்காரர், அக்கவுன்ட்ஸ் ஆள், நல்ல மனுஷன். அவருக்கு மாடி அறையில் திரை கட்டி வாராவாரம் படம் போட வேண்டும் என்று ஆசை. "மேடம், வால்நட்சத்திரம் போயிந்தி. இனி எழுபது சில்லறை வருஷம் கழிச்சுத்தான் வரும். அதுவரைக்கும் அந்த ரூம் சும்மா இருக்கணுமா?" என்று என்னிடமே கேட்டார். என் பிள்ளைகளே அவர் கட்சி. விஷயம் ஜெனரல் மேனேஜர் வரை போயிற்று. ஜி.எம். வடக்கத்திக்காரர், நியாயஸ்தர். அவர் மேஜையில் ஏதோ ஆங்கிலப் பத்திரிகை கிடந்தது. அதில் பக்கம் முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாக ஒரு நெபுலாவின் படம். "கிளப் ஆண்டு விழா அன்று சாயங்காலம் மாடிக்கு வருகிறேன். இதைக் காட்டுங்கள், அறை உங்களுக்கு. காட்ட முடியாவிட்டால் டெலஸ்கோப்பை ஸ்டோர்ஸில் ஒப்படைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஸ்டோர்ஸுக்குப் போனது எதுவும் எங்கள் ஊரில் திரும்பியதில்லை. அடுத்த ஏலத்தில் இரும்போடு இரும்பாக எடைக்குப் போய்விடும். சாரிடமிருந்து இதைக் கேட்ட காதர் பாய், "போனா போகட்டும்" என்று சொல்லிவிட்டு மத்தியான டப்பாவைத் திறக்காமலேயே மூடி வைத்தார்.

நெபுலா இல்லாமல் இல்லை. தை மாதச் சாயங்காலம் கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே தொங்குகிற சின்ன வரிசையின் நடுவில் ஒன்று இருக்கிறது. வானத்திலேயே சுலபமான நெபுலா அதுதான். ஆனால் கிளப்புக்கு முன்னால் காலனி ரோட்டில் புதிதாகப் பாதரச விளக்கு போட்டிருந்தார்கள். பின்னால் தொழிற்சாலை மதில் முழுக்க மஞ்சள் சோடியம் விளக்கு. நடுவில் நின்று பார்த்தால் நெபுலா, மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். வால்நட்சத்திரத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம். மதில் விளக்கை அரை மணி அணைக்க முடியுமா என்று செக்யூரிட்டி ஆபீசரிடம் கேட்டோம். பாகிஸ்தான் எந்த அரை மணியில் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார்.

ஆகவே ஃபில்டர். வெளிநாட்டுப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தோம். டாலரில் விலை, அதற்கு மேல் இறக்குமதி லைசென்ஸ். சார் பத்திரிகையை மரியாதையாக மூடினார். எங்களிடமே கண்ணாடிக்குப் பூச்சுப் போடும் அருமையான கோட்டிங் மெஷின் இருந்தது. அது ராணுவ ஆர்டருக்கு மட்டும் என்று பூட்டிய அறை. கிளப் வேலைக்கு அதைத் தொட்டால் விஜிலென்ஸ் வந்து எங்களையே ஃபில்டர் இல்லாமல் பார்க்கும். மிஞ்சியது கையில் கிடைப்பதை வைத்து முயற்சி செய்வதுதான்.

எதைத்தான் விட்டோம். நாடகத்துக்கு லைட் போடுகிறவர்களிடம் வாங்கிய கலர் காகிதம் வைத்தோம். நட்சத்திரமெல்லாம் இழுபட்டு வாலோடு தெரிந்தது. போன வருஷம் தெரிந்திருந்தால் வால்நட்சத்திரத்துக்கு உபயோகப்பட்டிருக்கும் என்றார் யாதகிரி. வெல்டிங் கண்ணாடி வைத்தோம். நெபுலா தெரியவில்லை, தெருவிளக்கும் தெரியவில்லை, டெலஸ்கோப்பின் வாய் மூடியிருக்கிறதோ என்று சார் போய்த் தடவிப் பார்த்தார். போட்டோக் கடையின் பச்சை ஃபில்டர் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. வானம் பச்சை, நெபுலா பச்சை, பார்த்துவிட்டு நிமிர்ந்தால் சாரின் திருமண்ணும் கொஞ்ச நேரம் வேறு நிறத்தில் தெரிந்தது. சாயம் போட்ட கண்ணாடியின் லட்சணம் அது. பச்சை என்றால் பச்சைப் பக்கம் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும், பாதரச விளக்கின் பச்சையையும் சேர்த்து. அந்தச் சந்தை மட்டும் திறக்க வேண்டுமென்றால் மெல்லிய பூச்சு அடுக்கடுக்காகப் போட்ட கண்ணாடிதான் வேண்டும். விலை குறைவு என்று சாயக் கண்ணாடியை வாங்காதே என்று இந்தப் பையனுக்கு நான் சொல்வது அந்தப் பச்சைச் சாயங்காலத்தை வைத்துத்தான்.

"முறையா வாங்கிடலாம்மா" என்றார் சார். அங்கேதான் வினை பிடித்தது. வெல்ஃபேர் நிதியில் வாங்கினாலும் முறை முறைதான். மூன்று கொட்டேஷன், மாதிரி ஒவ்வொன்று, இன்ஸ்பெக்‌ஷன், பாஸ் ஆனவற்றில் விலை குறைந்ததற்கு ஆர்டர். எப்படிப்பட்ட பொருள் வேண்டும் என்கிற விவரத்தை சாரே எழுதினார். புதிதாக எழுத நேரமில்லை, பைனாகுலர் கண்ணாடிக்கு இருந்த விவரத்தை எடுத்துத் தலைப்பை மாற்றினார். இரண்டு தடவை படித்தார், கீழிருந்து மேலாகவும் படித்தார். விட்டம், தடிமன், கீறல் எவ்வளவு இருக்கலாம், மேஜை உயரத்திலிருந்து விழுந்தால் உடையக்கூடாது, ரப்பரால் தேய்த்தால் பூச்சு போகக்கூடாது, செலோ டேப் ஒட்டிப் பிய்த்தால் உரியக்கூடாது, உப்புத் தண்ணீரைப் புகையாக அடிக்கும் பெட்டியில், அந்த உப்பு மூட்டத்தில் ஒரு ராத்திரி இருந்தால் அரிக்கக்கூடாது. எல்லாம் இருந்தது. எந்த வெளிச்சத்தை விட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். வழக்கமான வரிகளெல்லாம் வழக்கமான இடத்தில் இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மூன்று மாதிரிகள் வந்தன. போட்டோக் கடைக்காரரின் பச்சைக் கண்ணாடி மேஜையிலிருந்து விழுந்ததும் விளிம்பு உடைந்தது. "இது நமக்கு வேண்டாம்மா." இரண்டாவது பெங்களூரிலிருந்து, கோட்டிங் வேலையில் இருந்து ரிடையர் ஆகி வீட்டிலேயே சின்ன யூனிட் வைத்திருந்த ஒருவர் அனுப்பியது. சாய்த்துப் பார்த்தால் செம்புப் பாத்திரம் போல மின்னியது. தயவுசெய்து ஈரம் படாமல் வைக்கவும் என்று ஒரு துண்டுக் காகிதம் கூடவே இருந்தது. சார் அதை இரண்டு தடவை படித்தார். "மழையில நனையாத பைனாகுலர் உண்டாம்மா?" என்று கேட்டுவிட்டு உப்பு மூட்டப் பெட்டிக்கு அனுப்பினார். அது டெலஸ்கோப்பில் மாட்டப்போவது, எல்லையில் பதுங்குகுழிக்குப் போவதில்லை என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. காலையில் திறந்தால், கண்ணாடியைக் கவ்விப் பிடித்திருந்த பிடியின் தாடைக்குள் இருந்த பாதி மட்டும் பத்திரமாக இருந்தது. வெளியே இருந்த பாதியில் பூச்சு மொத்தமும் உரிந்து, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றது. "பாவம், வேண்டாம்மா" என்றார் சார். ரிஜெக்ட் என்பதற்கு அடையாளமாக நான் சிவப்புப் பெயின்டால் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தேன்.

மூன்றாவது ஹைதராபாத் கோட்டி பஜாரில் விஞ்ஞானச் சாமான் விற்கும் கடையிலிருந்து. பித்தளை வளையம், நீல வெல்வெட் டப்பா. விழுந்தது, உடையவில்லை. தேய்த்தோம், போகவில்லை. டேப் ஒட்டினோம், உரியவில்லை. உப்பு மூட்டத்திலிருந்து குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று வந்தது. என் சர்வீஸில் எல்லாப் பரிசோதனையிலும் இப்படி நூற்றுக்கு நூறு வாங்கிய கண்ணாடியைப் பார்த்ததில்லை. பாஸ் போட்டோம். விலையும் அதுதான் குறைவு.

மாடியில் மாட்டிப் பார்த்தோம். யாதகிரி முதலில் கண்ணை வைத்து, "சூப்பர் மேடம், இப்ப நல்லா தெரியுது" என்றார். வீடியோ வேண்டும் என்று நின்றவரே சொல்கிறாரே என்று எனக்கு மகிழ்ச்சி. சார் பார்த்துவிட்டு, "வித்தியாசம் இருக்கு" என்றார். எனக்கும் வித்தியாசம் இருப்பதுபோலத்தான் பட்டது. ஓரமாக நின்றிருந்த காதர் பாய் ஃபில்டரைக் கழற்றி வாங்கினார். டெலஸ்கோப் பக்கமே போகாமல், அதைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்தார், எடுத்தார், மறுபடி பிடித்தார்.

"சாப், கோபிச்சுக்காதீங்க. இது ஜன்னல் கண்ணாடி" என்றார்.

"அத்தனை டெஸ்டும் பாஸ் ஆயிருக்கு பாய்" என்றார் சார்.

"ஹவ் சாப், பாஸ்தான். ஜன்னல் கண்ணாடி எல்லாத்துலயும் பாஸ் ஆகும். அதுல போறதுக்கு என்ன இருக்கு?"

சார் ஃபில்டரை வாங்கி டப்பாவில் வைத்தார். மறுநாள் காலை முதல் வேலையாக என்னைக் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போனார். எந்த நிறம் எவ்வளவு உள்ளே போகிறது என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டும் இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. வெல்வெட் டப்பாக்காரரை வைத்தோம். பேனா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மேலேயே நேராகப் போயிற்று, காஜிப்பேட்டை ரயில் லைன் மாதிரி. ஊதாவும் போகலாம், மஞ்சளும் போகலாம், யாருக்கும் தடை இல்லை. சார் அந்தக் கோட்டை இரண்டு தடவை படித்தார், இரண்டாவது தடவை கடைசியிலிருந்து. பிறகு, "அந்தப் பெங்களூர் பாதியைக் கொண்டா" என்றார். பூச்சு மிஞ்சிய பாதியை வெளிச்சத்தில் வைத்தேன். பேனா தரையோடு ஊர்ந்தது, நீலமும் பச்சையும் சேருகிற இடம் வந்ததும் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி தரையோடு ஊர்ந்தது. இதைவிட அழகாக ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை.

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியும் இருந்தும் அன்று அவர் எதையும் பார்க்கவில்லை. "எழுத்துல என்ன கேட்டோமோ அது வந்திருக்கும்மா" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

ஆண்டு விழா சனிக்கிழமை. பெங்களூருக்கு எழுதிப் புதிதாக வரவழைக்க நேரம் இல்லை. பாதி ஃபில்டர் இருக்கிறது, ஆனால் அதற்கும் ஆபத்து. ரிஜெக்ட் ஆன பொருள் எதுவும் வாரக் கடைசியைத் தாண்டக்கூடாது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு சாட்சிகள் முன்னால் சுத்தியலால் உடைத்துவிடுவோம், யாரும் திருட்டுத்தனமாக விற்றுவிடாமல் இருக்க. அந்த வாரத்துச் சுத்தியல் முறை என்னுடையது.

எங்கள் செக்‌ஷன் சுவரில் ஒரு பலகை உண்டு. டிரெய்னிங்குக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒவ்வொரு குறைக்கும் ஒரு மாதிரியை அதில் ஆணியில் மாட்டி வைத்திருப்போம். கீறலுக்கு ஒன்று, குமிழுக்கு ஒன்று. பலகைக்குப் போனதை உடைக்க வேண்டியதில்லை. டீ வேளையில் சாரிடம் போய் நின்றேன்.

"சார், பூச்சு உரிதலுக்கு நம்ம பலகையில நல்ல மாதிரி இல்லை."

"ஏன், ஒண்ணு இருக்கே."

"அது முழுசா உரிஞ்சது சார். இதுல பாதி உரிஞ்சு பாதி அப்படியே இருக்கு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்."

சார் என்னைப் பார்த்தார். "எப்ப மாட்டுவே?"

"திங்கக்கிழமை சார்."

"அதுவரைக்கும் யார்கிட்ட இருக்கும்?"

"என் பொறுப்புல சார்."

அவர் டம்ளரை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். டீ குடித்து முடித்த டம்ளர் அது. பிறகு ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரும் நானும் மட்டும் மாடிக்குப் போனோம். காதர் பாய்க்கு இரண்டாம் ஷிப்ட். ஸ்கூட்டரில் என்னை அழைத்துப்போக வந்த என் வீட்டுக்காரரும் கூட ஏறி வந்தார். சார் முட்டி மோதி டெலஸ்கோப்பைக் குறிவைத்தார். அரை ஃபில்டரை விளிம்பில் பிடித்து, கண்ணுக்கும் டெலஸ்கோப்பின் ஐபீஸுக்கும் நடுவில் நுழைத்தேன். உரிந்த பாதி வந்தபோது அதே பழைய மங்கல். மெல்ல நகர்த்தினேன். வானம் சட்டென்று கறுத்தது. அந்த மங்கல் இருந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் இறக்கை விரிந்தது, பறவை ஒன்று எங்களை நோக்கி வருகிற மாதிரி. பின்னால் நகர்த்தினேன், போயிற்று. முன்னால் நகர்த்தினேன், வந்தது. இத்தனை வருஷம் கண்ணாடியில் கீறல் மட்டும் தேடிவிட்டோமே என்று அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார். பிறகு, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று அவரே கேட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சனிக்கிழமை ஜி.எம். மனைவியோடு வந்தார். கீழே கிளப் ஹாலில் பூரி சுடுகிற வாசனை. லேபில் நடந்தது தெரியாத யாதகிரி நீல வெல்வெட் டப்பாவைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, முறையாக டெண்டர் போட்டு வாங்கியது என்று விளக்கினார். சார் டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். காதர் பாய் குழாயைப் பிடித்தபடி நின்றார், யார் முகத்தையும் பார்க்காமல். ஜி.எம். கண்ணை வைத்தார்.

"படத்தில் சிவப்பாக இருந்ததே?" என்றார் ஆங்கிலத்தில்.

"கண்ணுக்குச் சாம்பல் நிறம்தான் சார். கேமராவுக்குத்தான் சிவப்பு தெரியும்" என்றேன்.

"எனக்குச் சாம்பலே சரியாகத் தெரியவில்லை."

காதர் பாயின் கை குழாயில் இறுகியதைப் பார்த்தேன். அரை ஃபில்டரை நுழைத்தேன். ஜி.எம். பேசுவதை நிறுத்தினார். நகர்த்தினேன். "போய்விட்டது" என்றார். மறுபடி நகர்த்தினேன். "வந்துவிட்டது" என்றார். அவருக்குப் பின்னால் அதிகாரிகள் நிற்பதையெல்லாம் மறந்து, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது என் விரலில் இருந்ததை வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பொட்டும் அவர் கண்ணில் பட்டது.

"இது ரிஜெக்ட் ஆனதல்லவா? ஏன் பாதியில் ஒன்றும் இல்லை?"

வரதராஜன் சார் முன்னால் வந்தார். "நான்தான் ரிஜெக்ட் செய்தேன் சார். உப்பு மூட்டத்தில் வைத்தேன், பாதி போயிற்று. மிச்சம் இருக்கும் பாதியில்தான் நீங்கள் பார்த்தீர்கள்" என்றார். பிறகு தானாகவே பையிலிருந்து வெல்வெட் டப்பாவை எடுத்து நீட்டினார். "நான் பாஸ் செய்தது இது."

ஜி.எம். அதை வைத்தும் பார்த்தார். வைத்து, எடுத்து, வைத்து. "இதில் எந்த வித்தியாசமும் இல்லையே. எதைப் பரிசோதித்தீர்கள்?"

"யுத்தத்தில் உடையுமா என்று பார்த்தோம் சார். நெபுலா தெரியுமா என்று பார்க்கவில்லை."

ஜி.எம். டப்பாவைச் சாரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்துவிட்டதால் மற்ற அதிகாரிகளும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. பெங்களூர்க்காரரிடமே முழு ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், இந்தத் தடவை அதை நனைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஜி.எம். யாதகிரி பக்கம் திரும்பினார். வீடியோவைக் கீழே கேரம் அறையில் வைத்துக்கொள்ளலாமே என்றார். வைத்துக்கொள்ளலாம் என்றார் யாதகிரி.

கிளம்பப் போன ஜி.எம். குழாயைத் தட்டிக்கொடுத்தார். "உள்ளே இருக்கும் கண்ணாடியைத் தேய்த்தது யார்?"

"நான்தான் சாப்" என்றார் காதர் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிட்டதா?"

எங்கள் தொழிற்சாலையில் யாரும் யாரிடமும் யோசிக்காமல் கேட்கும் கேள்வி அது. காதர் பாய் தலையை ஆட்டினார். "இல்லை சாப். ஒர்க் ஆர்டர் இல்லை."

"இப்போதுதான் முடிந்தது சார்" என்றார் வரதராஜன் சார்.

"ரிசல்ட்?"

காகிதத்தில் ஏறாத எந்த ரிசல்ட்டையும் சார் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதுவார், கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அன்று மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "பாஸ்" என்றார். யாதகிரியே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

எல்லாரும் பூரிக்கு இறங்கிப் போனார்கள். நாங்கள் மூவர் மட்டும் நின்றோம். "பாய், நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார் சார். காதர் பாய் அசையவில்லை. சார் அவர் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, தானே குழாயைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். காதர் பாய் குனிந்தார். நான் ஃபில்டரை நுழைத்தேன்.

"அதை எடுத்துடுங்க ஸ்டெல்லாம்மா" என்றார்.

எடுத்துவிட்டேன். இறக்கைகள் போயிருக்கும், பழைய மங்கல்தான் இருக்கும். அவர் கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேகத்துக்கு நடுவுல நாலு பொடி நட்சத்திரம் இருக்கு. நாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்குது. தேய்ச்சதுல தப்பு இருந்தா நாலும் ஒண்ணா மசங்கிப் போயிருக்கும்" என்றார். "கண்ணாடி நல்லாத்தான் வந்திருக்கு."